புது எஸ்எஸ்டி மாட்டிய பிறகு கணினி கிளம்பவில்லை: எங்கே அறுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 2014இல் வாங்கிய மேசைக் கணினி, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ரொம்ப மெதுவாகிவிட்டது என்று சிம் லிம் ஸ்குவேரில் 1 டிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கினார், சாட்டா கம்பியில் மாட்டும் வகை. அதை யூஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கை வெளியிலிருந்து கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகி, அதோடு கிடைத்த மென்பொருளில் குளோன் செய்தார், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தார். வேலை முடிந்தது என்று திரை சொன்னது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால், கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் பிராப்பர் பூட் டிவைஸ்' என்ற ஒரே ஒரு வரி. பழையதைத் திரும்ப மாட்டினால் முன்போலவே ஓடுகிறது. நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு பயாஸில் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் நிரல்) லெகசி என்ற பழைய கிளம்பும் முறை இருந்ததை யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார். அப்போது பழைய டிஸ்க்கும் கிளம்பவில்லை. பயந்துபோய்த் திரும்ப லெகசிக்கே மாற்றிவிட்டார். அப்பா எடுத்த படங்களும் தங்கையின் சாதாரண நிலைத் தேர்வுக் குறிப்புகளும் அதில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டுமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம் தம்பி. பழைய டிஸ்க் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதிக் கவலை தீர்ந்துவிட்டது. படங்கள் பத்திரமாக இருக்கின்றன. இனிச் செய்யப்போகும் எல்லாமே புது எஸ்எஸ்டியில் மட்டும்தான் நடக்க வேண்டும். பழையதில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த பெரிய இழப்புகளில் பாதிக்கு மேல், பயத்தில் பழைய டிஸ்க்கிலேயே கட்டளைகளைத் தட்டியதால் வந்தவை.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். பழைய டிஸ்க்கை மாட்டிக் கணினியைக் கிளப்பி, படங்களையும் குறிப்புகளையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒலி வந்தாலோ, ஒரு கோப்பைத் திறக்க நிமிடக் கணக்கில் ஆனாலோ, வேறு எதையும் செய்யாமல் முக்கியமானவற்றை முதலில் வெளியே எடுங்கள். குளோன் என்பது டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் படிக்க வைக்கும் வேலை. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்தப் பளு தாங்காது.

சரி, கணினி எப்படிக் கிளம்புகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதி தானாகப் புரியும். பள்ளி விளையாட்டு விழாவில் நடக்கும் தொடர் ஓட்டத்தைப் போன்றது அது. ஒருவர் ஓடி அடுத்தவர் கையில் கோலைக் கொடுக்க வேண்டும். முதலில் ஓடுவது மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகை) இருக்கும் பயாஸ். அது ஒரு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள சிறிய தொடக்க நிரலிடம் கோலைக் கொடுக்கும். அந்த நிரல் 'பூட் மேனேஜர்' என்ற விண்டோஸ் கோப்பைத் தேடிக் கொடுக்கும். பூட் மேனேஜர், பிசிடி என்ற குறிப்பேட்டைப் புரட்டி, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்த்து அதனிடம் கொடுக்கும். கடைசியில் விண்டோஸ், தன் சொந்த டிரைவரை (டிஸ்க்கோடு பேச உதவும் நிரல்) வைத்து அதே டிஸ்க்கைத் திறந்து ஓட வேண்டும். கோல் எங்கே விழுந்தது என்பதைத் திரையில் வரும் வாசகமே சொல்லிவிடும். அதைப் படிக்காமல் இணையத்தில் கிடைக்கும் பத்துக் கட்டளைகளை வரிசையாகத் தட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

உங்களுக்கு வந்த 'ரீபூட் அண்ட் செலக்ட்' வரியும், மடிக்கணினிகளில் வரும் 'நோ பூட்டபிள் டிவைஸ்' வரியும் ஒரே பொருள்தான்: பயாஸுக்குக் கோலைக் கொடுக்க ஆளே கிடைக்கவில்லை. 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வந்தால் தொடக்க நிரல் ஓடியிருக்கிறது, பூட் மேனேஜர் கோப்புதான் அங்கே இல்லை. நீலத் திரையில் 'உங்கள் கணினியைப் பழுதுபார்க்க வேண்டும்' என்று ஆங்கிலத்தில் வந்து, கீழே சுழியம், எக்ஸ், சி, அப்புறம் ஆறு சுழியம், கடைசியில் இ என்ற எண் தெரிந்தால், பூட் மேனேஜர் வரை எல்லாம் சரி. குறிப்பேட்டில் எழுதியிருக்கும் முகவரிதான் தப்பு. விண்டோஸ் சின்னம் வந்து, வட்டம் சுழன்று, பிறகு 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று விழுந்தால், கடைசி ஓட்டக்காரரிடம் டிரைவர் இல்லை. இந்த நான்கும் நான்கு வேறு நோய்கள், மருந்தும் வேறு வேறு.

உங்கள் விஷயத்தில் இன்னொரு தடயமும் கிடைத்திருக்கிறது. நண்பர் சொன்னபடி யூஇஎஃப்ஐக்கு மாற்றியபோது பழைய டிஸ்க் கிளம்பவில்லை, லெகசியில் கிளம்பியது என்றீர்கள். அப்படியென்றால் உங்கள் பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த முறை ஜிபிடி. விண்டோஸ் லெகசி முறையில் எம்பிஆர் டிஸ்க்கிலிருந்து மட்டுமே கிளம்பும், யூஇஎஃப்ஐ முறையில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து கிளம்பும். 2014இல் வாங்கிய கணினி என்பதால் விண்டோஸ் 7 போட்டு வந்திருக்கலாம். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது இலவசமாக மேம்படுத்தியிருப்பீர்கள். டிஸ்க்கின் அமைப்பு மட்டும் பழையபடியே தங்கிவிட்டது. இது குறை ஒன்றும் இல்லை. எம்பிஆர் முறையால் சுமார் 2 டிபி வரை கையாள முடியும், உங்களுடையது 1 டிபிதான்.

ஆகவே புது எஸ்எஸ்டியில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று நடந்திருக்கும். குளோன் மென்பொருள் பெரிய சி பகுதியை மட்டும் நகலெடுத்துவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்ற சின்னப் பகுதியை விட்டிருக்கலாம். விண்டோஸ் 7 போட்ட டிஸ்க்கில் அது 100 எம்பி இருக்கும். பூட் மேனேஜர் குடியிருப்பது அதில்தான், ஆனால் பார்வைக்கு உபயோகமில்லாத துண்டு போலத் தெரிவதால் பலர் டிக்கை எடுத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால், எல்லாம் நகலாகியும் 'கிளம்ப வேண்டிய பகுதி இதுதான்' என்று காட்டும் 'ஆக்டிவ்' என்ற அடையாளம் அந்தப் பகுதிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். மூன்றாவது, மென்பொருள் தானாகவே புது எஸ்எஸ்டியை ஜிபிடி முறைக்கு மாற்றியிருக்கலாம். கட்டளை எதையும் தட்டும் முன் எது என்று பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதை விளக்கமாகவே சொல்கிறேன். "பழைய டிஸ்க்கில் கணினியை ஓட்டிக்கொண்டே, எஸ்எஸ்டியை யூஎஸ்பியில் செருகிப் பார்த்தால் என்ன?" என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு எம்பிஆர் டிஸ்க்குக்கும் ஓர் அடையாள எண் உண்டு. குளோன் செய்யும்போது அந்த எண்ணும் நகலாகிவிடலாம். ஒரே அடையாள அட்டையோடு இரண்டு பேர் நின்றால் விண்டோஸ் ஒருவரை வெளியே நிறுத்திவிடும். டிஸ்க் மேலாண்மைத் திரையில் 'ஆஃப்லைன்' என்று காட்டும். அதைப் பார்த்து நாம் வலது பொத்தானை அழுத்தி 'ஆன்லைன்' கொடுப்போம். அந்த நொடியே விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு வேறு எண்ணை எழுதிவிடும். ஆனால் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் பிசிடி குறிப்பேட்டில் பழைய எண்தானே எழுதியிருக்கிறது? அடுத்த முறை அதிலிருந்து கிளம்பும்போது, முகவரி தப்பு என்ற அந்த நீலத் திரை வரும். நன்றாக வந்த குளோனைக் கூட இப்படிக் கெடுத்துவிடலாம். குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழையதைக் கழற்றி, புதியதை மட்டும் மாட்டி முதல் தடவை கிளப்புங்கள். விண்டோஸ் கிளம்பும் நேரத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கவே கூடாது.

இப்போது வேலைக்கு வருவோம். 8 ஜிபிக்குக் குறையாத தம்ப் டிரைவ் ஒன்றில், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் 10 நிறுவியை ஏற்றிக்கொள்ளுங்கள். தம்ப் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம். அப்புறம் கணினியை அணைத்து, சுவர்ப் பிளக்கையும் எடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி, அது இருந்த அதே சாட்டா கம்பியில் எஸ்எஸ்டியை மாட்டுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நிலைமின்சாரத் தொல்லை குறைவு என்றாலும், குளிர்சாதன அறையில் காற்று வறண்டிருக்கும். பெட்டியின் உலோகப் பாகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கம்பியோ சாக்கெட்டோதான் காரணம், மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தெரிந்தால், பூட் வரிசையில் அது மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்க்கை எடுத்ததும் சில மதர்போர்டுகள் டிவிடி டிரைவையோ நெட்வொர்க்கையோ மேலே தூக்கி வைத்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே இருபது முப்பது வெள்ளி கொடுத்துக் கடையில் சரிசெய்தவர்களை எனக்குத் தெரியும்.

வரிசை சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால், தம்ப் டிரைவிலிருந்து கிளப்புங்கள். பூட் பட்டியலில் உங்கள் தம்ப் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம்: ஒன்று வெறும் பெயரோடு, இன்னொன்று முன்னால் யூஇஎஃப்ஐ என்ற சொல்லோடு. நீங்கள் வெறும் பெயர் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த முறையில் சரிசெய்யும் கருவி கிளம்புகிறதோ, அந்த முறைக்கே சில கட்டளைகள் வேலை செய்யும். இதைக் கவனிக்காமல் இரவு முழுவதும் போராடியவர்கள் பலர்.

மொழி கேட்கும் திரை வந்ததும் ஷிஃப்ட்டையும் எஃப்10 விசையையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புக் கட்டளைச் சாளரம் திறக்கும். கீழே நான் ஒலிப்பில் எழுதுவதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், ஒவ்வொரு வரிக்குப் பிறகும் என்டர்.

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் டிஸ்க்

எஸ்எஸ்டியும் தம்ப் டிரைவும் மட்டும் தெரியும், அளவை வைத்து எது எது என்று சொல்லிவிடலாம். கடைசிப் பத்தியில் ஜிபிடி என்ற தலைப்பு இருக்கும். எஸ்எஸ்டி வரியில் அதன் கீழ் நட்சத்திரக் குறி இருக்கிறதா, இல்லையா? இதுதான் முக்கியமான கேள்வி.

நட்சத்திரம் இல்லை என்றால் எம்பிஆர். எஸ்எஸ்டியின் எண் 0 என்று வைத்துக்கொள்வோம்.

செலக்ட் டிஸ்க் 0
லிஸ்ட் பார்ட்டிஷன்

100 எம்பி அளவில் ஒரு பகுதியும் பெரிய பகுதி ஒன்றும் தெரிந்தால், சின்னதைத் தேர்ந்தெடுத்து உயிர் கொடுக்க வேண்டும்.

செலக்ட் பார்ட்டிஷன் 1
ஆக்டிவ்
அசைன் லெட்டர்=கே
லிஸ்ட் வால்யூம்
எக்ஸிட்

லிஸ்ட் வால்யூம் கொடுக்கும்போது பெரிய பகுதிக்கு எந்த எழுத்து வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சூழலில் சி என்பது உங்கள் சி ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, டி ஆகவும் இருக்கும். சி தான் என்றால்:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் கே: /எஃப் பயாஸ்
பூட்செக்ட் /என்டி60 கே: /எம்பிஆர்

முதல் வரி பூட் மேனேஜரையும் புதிய குறிப்பேட்டையும் எழுதும். இரண்டாவது வரி தொடக்க நிரலை எழுதும். பூட்செக்ட் என்ற கட்டளை இல்லை என்று சொன்னால், தம்ப் டிரைவில் பூட் என்ற கோப்புறைக்குள் அது இருக்கும், அங்கிருந்து ஓட்டுங்கள். பெரிய பகுதி ஒன்று மட்டும் தெரிந்து சின்னது இல்லவே இல்லை என்றால், அந்தப் பெரியதையே ஆக்டிவ் ஆக்கி, மேலே கே என்று இருக்கும் இடத்தில் சி என்று கொடுங்கள். அதற்காகத் தனியாக ஒரு பகுதியை உருவாக்க வேண்டியதில்லை.

நட்சத்திரம் இருந்தால் கதை வேறு. உங்கள் நண்பர் சொன்னது இந்த நிலைமைக்கு மிகச் சரியான யோசனை, பழைய டிஸ்க்கில் சோதித்ததால்தான் தப்பாகத் தெரிந்தது. பயாஸை யூஇஎஃப்ஐக்கு மாற்றுங்கள், தம்ப் டிரைவையும் யூஇஎஃப்ஐ என்று போட்ட வரியிலிருந்து கிளப்புங்கள். முன்போலவே டிஸ்க்பார்ட்டில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து, லிஸ்ட் பார்ட்டிஷனில் 'சிஸ்டம்' வகைப் பகுதி ஒன்று, பெரும்பாலும் 100 எம்பி அளவில், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குக் கே என்று எழுத்துக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் கே: /எஃப் யூஇஎஃப்ஐ

இல்லாவிட்டால் உருவாக்க வேண்டும். 500இலிருந்து 1 டிபிக்குப் போயிருப்பதால் எஸ்எஸ்டியின் கடைசியில் காலியிடம் இருக்கும். மென்பொருள் சி பகுதியையே முழுக்க விரித்துவிட்டிருந்தால் மட்டும், டிஸ்க்பார்ட்டில் அதைத் தேர்ந்தெடுத்து 'ஷ்ரிங்க் டிசையர்டு=300' என்று கொஞ்சம் இடம் பிடியுங்கள். பிறகு:

கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260
ஃபார்மேட் க்விக் எஃப்எஸ்=ஃபேட்32
அசைன் லெட்டர்=கே

அதன்பின் மேலே சொன்ன அதே பிசிடிபூட் வரி. 'பூட்ரெக் ஃபிக்ஸ்பூட்' என்று ஒரு கட்டளையைப் பலர் பரிந்துரைப்பார்கள். புதிய விண்டோஸ் 10 நிறுவிகளில் அது 'அக்சஸ் டினைட்' என்று மறுத்துவிடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், பிசிடிபூட் போதும்.

இவ்வளவும் செய்தால் உங்கள் கணினி கிளம்பும் என்று நம்புகிறேன். டாக் தொடர்பாக ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். சில யூஎஸ்பி டாக்குகளும் உறைகளும் டிஸ்க்கின் செக்டரை (தரவை வைக்கும் சிறு கட்டம்) 512 பைட்டுக்குப் பதிலாக 4096 பைட்டாகக் கணினிக்குக் காட்டும். அப்படிப்பட்ட டாக்கில் வைத்து எழுதிய டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகச் சாட்டாவில் மாட்டினால், பகுதிகள் எல்லாம் இடம் மாறித் தெரியும், அல்லது 'ரா', அதாவது படிக்கத் தெரியாத டிஸ்க், என்று காட்டும். உட்லண்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டில் இதே தொல்லையில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். டாக்கில் வைத்தால் எல்லாக் கோப்பும் தெரிகிறது, உள்ளே மாட்டினால் ஒன்றும் இல்லை. எந்தக் கட்டளையும் அதைச் சரிசெய்யாது. மேசைக் கணினி என்பதால் உங்களுக்கு வழி எளிது: இரண்டு டிஸ்க்கையும் மதர்போர்டின் சாட்டா சாக்கெட்டுகளில் நேரடியாக மாட்டி, குளோனைத் திரும்பச் செய்யுங்கள். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான குளோன்சில்லா இலவசம், தம்ப் டிரைவிலிருந்தே ஓடும், விண்டோஸ் ஓடாமல் இருக்கும்போதே டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுக்கும். எது மூலம், எது இலக்கு என்று கேட்கும் இடத்தில் மட்டும் டிஸ்க்கின் மாடல் எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் படங்கள்மேல் எழுதப்பட்டுவிடும். குளோனுக்கு முன் விண்டோஸை முழுமையாக அணைக்க, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் அது பாதி உறக்கத்திலேயே இருக்கும்.

இதே தலைப்பில் அடிக்கடி வரும் வேறு சில நிலைமைகளையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும்.

கணினியில் இரண்டு டிஸ்க் இருந்தால், விண்டோஸ் ஒன்றிலும் பூட் மேனேஜர் இன்னொன்றிலும் உட்கார்ந்திருக்கலாம். விண்டோஸ் போட்ட நாளில் இரண்டும் மாட்டியிருந்தால் இப்படி நடப்பதுண்டு. புக்கிட் பாத்தோக்கில் ஓர் அக்கா, நடன வகுப்புக் காணொளிகள் வைத்திருந்த இரண்டாவது டிஸ்க்கை மாற்றினார். விண்டோஸ் இருந்த டிஸ்க்கை அவர் தொடவே இல்லை, ஆனாலும் கணினி கிளம்ப மறுத்தது. காணொளி டிஸ்க்கின் ஓரத்தில் அந்தச் சின்னப் பகுதி இருந்ததுதான் காரணம். விண்டோஸ் டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு மேலே சொன்ன வழியில் ஒரு பிசிடிபூட், பத்து நிமிடத்தில் முடிந்தது.

புதிய மடிக்கணினிகளில் டிஸ்க்கைத் தொடும் முன், டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியைப் பாருங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததும் மறைகுறியாக்கம் தானாகவே தொடங்கிவிடும், யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். டிஸ்க்கையோ பயாஸ் அமைப்பையோ மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், கைபேசியில் உள்ளே நுழைந்து பார்க்கலாம். கிளமெண்டியில் ஒரு மாணவருக்கு, பள்ளிக் காலத்தில் தொடங்கிய எந்த மின்னஞ்சலில் அந்தக் கணக்கு இருந்தது என்றே நினைவில்லை. எவ்வளவோ முயன்றோம். டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தது, உள்ளே இருந்த மூன்றாண்டு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் டிஸ்க்கைக் கழற்றும் முன், கட்டளைச் சாளரத்தில் 'மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்' என்று தட்டிப் பாருங்கள். மறைகுறியாக்கம் இருந்தால் அதை நிறுத்தி, முழுவதும் அவிழ்ந்து முடியும் வரை காத்திருந்து, பிறகு குளோன் செய்யுங்கள். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைப்பதும் நல்லது.

சாட்டாவிலிருந்து என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகைக்கு மாறுகிறவர்களுக்கு அந்தக் கடைசி ஓட்டக்காரர் பிரச்சினை வரும். விண்டோஸ் 10இலும் 11இலும் என்விஎம்இ டிரைவர் உள்ளேயே இருக்கிறது, ஆனால் இதுவரை தேவைப்படாததால் கிளம்பும் நேரத்தில் அது எழுந்திருக்காமல் போகலாம். பழைய டிஸ்க்கில் இருக்கும்போதே 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து சேஃப் பூட் தேர்ந்தெடுத்து, அப்படியே அணைத்துக் குளோன் செய்தால், புது டிஸ்க் முதல் தடவை சேஃப் மோடில் (அவசியமான நிரல்கள் மட்டும் ஓடும் நிலை) எழும். அங்கே டிரைவர் தானாக ஏறிக்கொள்ளும். பிறகு அதே இடத்தில் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி கிளப்பினால் சரியாகிவிடும். பயாஸில் டிஸ்க்கைக் கையாளும் முறை ரெய்டு என்று இருப்பதை ஏஹெச்சிஐ என்று மாற்றியதால் வரும் நீலத் திரைக்கும் இதே வைத்தியம்தான். இன்டெல் 11ஆம் தலைமுறை மடிக்கணினிகளிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் நிறுவிக்கு டிஸ்க்கே தெரியாமல் போகலாம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கித் தம்ப் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுங்கள்.

மதர்போர்டில் நேரடியாகச் செருகும் மெல்லிய எம்.2 எஸ்எஸ்டி வாங்கும்போது ஒன்று: ஒரே வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. வகை மாறினால், சாக்கெட்டில் உடல் பொருந்தினாலும் கணினிக்குத் தெரியாமல் போகலாம். கடைக்குப் போகும் முன் உங்கள் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள், கைபேசியில் அதன் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

புதிதாகப் போடுவதா என்ற உங்கள் கேள்விக்கு என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். மேலே சொன்னதை ஒரு மாலை முயன்று பாருங்கள். அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம். படங்கள் ஏற்கெனவே வெளியே இருப்பதால், எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போடுவது ஒரு மணி நேர வேலை. உரிமம் டிஸ்க்கில் இல்லை, பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தது. இணையத்தில் இணைந்ததும் தானாக உயிர்பெற்றுவிடும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. 2014ஆம் ஆண்டுக் கணினியின் செயலி, விண்டோஸ் 11 கேட்கும் பட்டியலிலும் இல்லை. தங்கைக்குத் தட்டச்சும் இணையமும் போதும் என்றால், அந்த எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பதை நான் மனமார ஆதரிப்பேன். வங்கி வேலை நடக்கும் கணினியாக இருந்தால் இதைக் கட்டாயம் யோசியுங்கள். எஸ்எஸ்டி வீண் போகாது, அடுத்த கணினியிலும் மாட்டிக்கொள்ளலாம்.

புதியது நன்றாக ஓடத் தொடங்கியதும் பழைய டிஸ்க்கை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு மாதம் ஓடட்டும். தேதி எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள். கேமரா வைக்கும் உலர்பெட்டி வீட்டில் இருந்தால் அதில் வைப்பது இன்னும் நல்லது, புழுக்கமான சாமான் அறை வேண்டாம். இன்றிரவு 'லிஸ்ட் டிஸ்க்', 'லிஸ்ட் பார்ட்டிஷன்' இரண்டையும் தட்டிவிட்டு, அந்தத் திரையை அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்து, அடுத்து எந்த வரி என்று சொல்லிவிடுகிறேன்.